பள்ளிக்கூடம் யாருடையது? பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?



2022 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், சங்கரன்கோவில் வட்டத்திலுள்ள பாஞ்சாகுளம் என்ற சிற்றூரின் பெயரைத் தமிழகம் முழுவதும் அறிந்துகொண்டது. பள்ளி செல்லும் தலித் சிறுவர் சிலர் ஒரு பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போனார்கள். ஊரில் கட்டுப்பாடு போட்டிருப்பதால் இனி உங்களுக்கு எதுவும் விற்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் அவர்களைத் திருப்பி அனுப்பினார். அந்தக் காட்சி கைப்பேசியில் பதிவாகி எங்கும் பரவியது. கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. கைதுகள் நடந்தன. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் அந்த ஊருக்குள் நுழையக் கூடாது என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் உத்தரவிட்டது.

சட்டம் தன் கடமையைச் செய்தது. ஆனால் அந்தக் கடையின் முன் நின்ற பிள்ளைகள் மறுநாளும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போயிருப்பார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பியவர்களின் வீட்டுப் பிள்ளைகளும் போயிருப்பார்கள். அன்று வகுப்பறையில் இவ்விரு சாராரும் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்திருப்பார்கள்? 'பள்ளிப் பாதுகாப்பு' என்று நாம் பேசத் தொடங்க வேண்டிய இடம் இந்தக் கேள்விதான்.

பாதுகாப்பு என்றதும் சுற்றுச்சுவர், வாயிற்காவலர், கண்காணிப்புக் கேமரா ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அவை தேவைதான். ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் நம் மாநிலத்தில் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், பிள்ளைகளுக்கு ஆபத்து மூன்று வழிகளில் வந்திருப்பது தெரிகிறது. பராமரிக்கப்படாத கட்டடம் ஒரு வழி. ஒதுக்கப்பட்ட மனமும் ஒதுக்கும் மனமும் இரண்டாவது வழி. யார் என்றே விசாரிக்காமல் உள்ளே அனுமதிக்கப்பட்ட வெளியாட்கள் மூன்றாவது வழி. இம்மூன்றிலும் திருச்சபையின் மக்களாகிய நமக்கும் பொறுப்பு உண்டு என்பதே இச்சிந்தனையின் மையம்.

சுவரும் கூரையும்

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் பள்ளியின் சமையல் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் கருகி மாண்டார்கள். அந்த ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்துவந்தன என்பதும், அவற்றுள் ஒன்று அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளி என்பதும் பலர் மறந்துவிட்ட செய்தி. நிர்வாகம் தனியாருடையது. ஆசிரியர் ஊதியம் அரசுடையது. ஆய்வு செய்து கையெழுத்திட வேண்டியவர் அரசு அதிகாரி. இத்தனை பேர் பொறுப்பில் இருந்தும், குறுகிய மாடிப்படியைப் பற்றியும் ஓலைக் கூரையைப் பற்றியும் கேள்வி கேட்க ஒருவரும் இல்லாமற் போனார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2014 ஜூலையில், தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேருக்குத் தண்டனை வழங்கியது.

இது எங்கோ காவிரிக் கரையில் நடந்தது என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலி டவுனில், தென்னிந்தியத் திருச்சபை நடத்தும் பழம்பெரும் அரசு உதவிபெறும் பள்ளியான சாப்டர் மேல்நிலைப் பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதன்பின் மாநிலமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்க அரசு ஆணையிட்டது. நூறாண்டு கண்ட கல்விச் சேவை என்று கிறிஸ்தவர்களாகிய நாம் பெருமையோடு சொல்கிறோம். அப்பெருமை உண்மையானதே. ஆனால் நூறாண்டு கண்ட பள்ளி என்றால் நூறாண்டு கண்ட சுவர்களும் அங்கே இருக்கும். பெருமையைக் கொண்டாடுகிறவர்கள் சுவரையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

கையில் கட்டிய கயிறு

சுவர் இடிந்தால் கண்ணுக்குத் தெரியும். மனம் இடிவது தெரிவதில்லை.

தென்மாவட்டப் பள்ளிகளில் மாணவர் தம் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டிவரும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. 2018 ஆம் ஆண்டுத் தொகுப்பைச் சேர்ந்த இந்திய ஆட்சிப்பணிப் பயிற்சி அலுவலர்கள் இதைச் சுட்டிக்காட்டியதன் பேரில், 2019 இல் பள்ளிக்கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அது உடனே அரசியல் விவாதமாகி, செயலுக்கு வராமலேயே நின்றுபோனது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2022 ஏப்ரலில், அம்பாசமுத்திரம் பகுதியிலுள்ள பள்ளக்கால் பொதுக்குடி அரசு மேல்நிலைப் பள்ளியில் இந்தக் கயிற்றை ஒட்டி எழுந்த மோதலில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு, சில நாள்களில் உயிரிழந்தார். தாக்கியவர்களும் அதே பள்ளியின் மாணவர்களே.

2023 ஆகஸ்டு 9 இரவு, நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை அவருடைய வீட்டுக்குள்ளேயே புகுந்து சக மாணவர்கள் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். தனக்கு நேர்ந்த துன்புறுத்தலை அந்த மாணவர் பள்ளியில் சொன்னதற்கான பழிவாங்கல் அது. 2025 மார்ச்சில், திருவைகுண்டம் அருகே தேர்வெழுதப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவரை இறக்கி வெட்டினார்கள். அவருடைய விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டி ஒன்றை ஒட்டிய பகையே காரணம் என்று சொல்லப்பட்டது. அடுத்த மாதமே, ஏப்ரல் 15 அன்று, நம் மறைமாவட்டத் தலைநகரான பாளையங்கோட்டையில், தனியார் பள்ளி ஒன்றின் எட்டாம் வகுப்பு மாணவர் புத்தகப் பையில் அரிவாளை வைத்துக் கொண்டுவந்து வகுப்பறையிலேயே சக மாணவரை வெட்டினார். தடுத்த ஆசிரியையும் காயமடைந்தார். பென்சில் தொடர்பான பழைய சச்சரவே காரணம் என்று காவல்துறை கூறியது.

இச்செய்திகளைப் படிக்கும்போது வெட்டுப்பட்ட பிள்ளைக்காக நம் நெஞ்சம் பதறுகிறது. அதே வேளையில் இன்னொரு கேள்வியும் எழ வேண்டும். பதின்மூன்று வயதுச் சிறுவன் தன் கோபத்தைச் சொல்ல ஒரு காதும் கிடைக்காமல் அதை ஒரு மாதம் பையில் சுமந்து திரிந்தான் என்றால், அவனைச் சுற்றியிருந்த நாம் எங்கே இருந்தோம்? மதிப்பெண் குறைந்தால் வீட்டுக்குச் செய்தி போகிறது. கட்டணம் பாக்கியிருந்தால் இரண்டு முறை போகிறது. பிள்ளை யாருடனும் பேசுவதில்லை, மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்ற செய்தி மட்டும் யாருக்கும் போவதில்லை.

நாங்குநேரி நிகழ்வுக்குப் பின் அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூன் 18 அன்று தன் அறிக்கையை அளித்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற சாதி அடையாளங்களைத் தடுத்தல், பள்ளிகளின் பெயரிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குதல், பெயரின் அகரவரிசைப்படி மாணவரை அமரச் செய்தல், ஆசிரியர்களைக் காலமுறைப்படி இடமாற்றுதல், பெரிய பள்ளிகளில் மாணவர் நல அலுவலரை நியமித்தல் என்று பல பரிந்துரைகள் அதில் உண்டு. சிலவற்றை ஏற்கவும் சிலவற்றை மறுக்கவும் பலர் முன்வந்தார்கள். எதிர்ப்போ ஆதரவோ, ஓர் உண்மையை நாம் மறக்கலாகாது. கயிற்றைப் பள்ளிக்கூடம் கட்டிவிடவில்லை. அது வீட்டிலும் தெருவிலும் திருவிழாப் பந்தலிலும் கட்டப்பட்டுப் பள்ளிக்கு வருகிறது. பள்ளி வாசலில் அறுத்தால் மாலையில் தெருவில் மீண்டும் கட்டப்படும். எனவே ஆசிரியரிடம் மட்டும் இதை ஒப்படைத்துவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

உள்ளே வருவது யார்?

இன்று அரசுப் பள்ளிகளின் வாசல் தனியாருக்கு அகலத் திறந்திருக்கிறது. 2013 ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதில் ஒரு பகுதி கல்விக்கு வருகிறது. 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாக நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் அரசுப் பள்ளிகளுக்கு உதவ வழி செய்யப்பட்டது. வகுப்பறை, கழிப்பறை, கணினி என்று கிடைக்கும் உதவி ஏழைப் பிள்ளைகளுக்கே போய்ச் சேருகிறது. அதைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது.

ஆயினும் 2024 டிசம்பர் இறுதியில், 500 அரசுப் பள்ளிகளைத் தனியார் பள்ளிகள் தத்தெடுக்கப் போவதாகச் செய்தி வந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. பள்ளிகளை யாருக்கும் தாரைவார்க்கவில்லை, உதவியை மட்டுமே ஏற்கிறோம் என்று பள்ளிக்கல்வி அமைச்சர் விளக்கம் அளிக்க வேண்டி வந்தது. மக்களின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. பெயிண்ட் அடிக்க வருகிறவர் அடுத்த ஆண்டு பாடம் நடத்தவும், அதற்கடுத்த ஆண்டு யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யவும் தொடங்கினால், பிறகு அந்தப் பள்ளி யாருடையது?

அந்த ஆண்டிலேயே இரண்டு நிகழ்வுகள் வேறொரு ஆபத்தையும் காட்டின. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் தேசிய மாணவர் படையின் பெயரால் முகாம் நடத்தப்பட்டது. அப்படையின் உண்மையான அலுவலகத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. யாரும் விசாரிக்கவில்லை. பெண் குழந்தைகள் பாலியல் வன்முறைக்கு உள்ளானார்கள். செய்தியை மறைத்ததாகப் பள்ளிப் பொறுப்பாளர்களும் கைதானார்கள். அதே மாத இறுதியில், சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் தன்னம்பிக்கை உரை என்ற பெயரில் பேச வந்த மகாவிஷ்ணு என்பவர், உடற்குறையோடு பிறப்பது முற்பிறவிப் பாவத்தின் விளைவு என்று மாணவியர் முன் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து அதை மறுத்தார். பேச்சாளர் பின்னர் கைதானார். பள்ளி நிகழ்ச்சிகளுக்கு நெறிமுறைகளை வகுக்கவும் அரசு உத்தரவிட்டது.

இவ்விரு இடங்களிலும் உள்ளே வந்தவர்கள் பூட்டை உடைத்துக்கொண்டு வரவில்லை. அழைக்கப்பட்டே வந்தார்கள். பார்வையற்று எழுந்து நின்ற அந்த ஆசிரியரின் குரல்தான் அன்று அப்பள்ளியின் உண்மையான சுற்றுச்சுவராக இருந்தது.

உதவி வேறு, உரிமை கொண்டாடுவது வேறு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். பெருந்தலைவர் காமராசர் காலத்தில், 1956 இல், நம் பக்கத்து எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோதும், 1958 முதல் நெ.து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தபோதும், ஊர்மக்கள் அரிசியும் நிலமும் மேசை நாற்காலியும் கொடுத்தார்கள். கொடுத்தவர் பள்ளிக்கு உரிமையாளர் ஆகவில்லை. பள்ளி ஊருடையதாகவே இருந்தது.

நாமும் தனியாரே

இங்கே நாம் ஒரு நிமிடம் நின்று சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். கல்வியில் தனியார் என்று விரல் நீட்டும்போது, நாமும் அந்தச் சொல்லுக்குள் அடங்குகிறோம். தமிழகத்தில் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்குப் பக்கத்தில் 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உதவிபெறும் பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றுள் திருச்சபையின் பள்ளிகளும் ஏராளம். ஆசிரியர் ஊதியம் மக்களின் வரிப்பணம். நிர்வாகம் நம்முடையது. பொதுக்கல்வியில் தனியார் பங்கேற்பு என்பது நமக்கு நேற்று வந்த செய்தி அல்ல.

கல்வி முழுவதும் அரசின் கையில் மட்டுமே இருக்க வேண்டும் என்று திருச்சபை சொன்னதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளின் முதல் ஆசிரியர் பெற்றோரே என்றும், பெற்றோரின் உரிமையை அரசு காக்க வேண்டும் என்றும் கற்பிக்கிறது. அதே அறிக்கை, வறியோர்க்கும் குடும்பத் துணை இல்லாதோர்க்கும் கத்தோலிக்கப் பள்ளி தனிக்கவனம் காட்ட வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. எனவே பள்ளி நடத்தும் உரிமையும், ஏழைப் பிள்ளைக்குப் பதில் சொல்லும் கடமையும் ஒன்றையொன்று பிரியாமல் வருகின்றன.

நம் அரசியல் சாசனத்தின் 30 ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்தும் உரிமையைத் தருகிறது. இதை முன்னிட்டு, 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இருநீதிபதிகள் அமர்வு ஒன்று அத்தீர்ப்பில் ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. வழக்கின் முடிவு எதுவாயினும் ஆகட்டும். பெற்றோர் பங்குபெறும் மேலாண்மைக் குழுவை அமைக்கச் சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை என்றால், பெற்றோரைக் கேட்கவே வேண்டாம் என்பது அதன் பொருளா? உரிமையைக் காக்க நீதிமன்றம் செல்லும் நாம், அந்த உரிமையால் எந்தப் பிள்ளை பயன்பெறுகிறது என்று பெற்றோர் கேட்கும்போது கதவைச் சாத்தலாகாது. சட்டம் கேட்காத இடத்திலும் நற்செய்தி கேட்கும்.

சிறுவருள் ஒருவரை ஏற்றுக்கொள்பவர் தம்மையே ஏற்றுக்கொள்கிறார் என்று சொன்ன ஆண்டவர், அடுத்த மூச்சிலேயே, அவர்களுள் ஒருவருக்கு இடறலாக இருப்பவரைப் பற்றி எந்திரக்கல்லை முன்வைத்துக் கடுமையாக எச்சரித்தார் (மத்தேயு 18). ஏற்றுக்கொள்வதும் இடறலாகாமல் காப்பதும் அவருக்கு ஒரே பேச்சு.

நம் ஊரில், நம் பங்கில்

சங்கரன்கோவில் பகுதி விசைத்தறியும் பூ வியாபாரமும் பீடிச் சுற்றலும் விவசாயக் கூலியும் நிறைந்த பகுதி. பெற்றோர் இருவரும் உழைத்தால்தான் அடுப்பு எரியும் வீடுகள் பல. பிள்ளையின் முகம் வாடியதைக் கவனிக்க நேரமில்லாமை அவர்கள் குற்றமன்று. அங்கேதான் அக்கம்பக்கமும் அன்பியமும் தேவைப்படுகின்றன. நம்மால் ஆகக்கூடியவை சில உண்டு.

முதலாவது, தனியார் பள்ளி நடத்தக் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கும் தேவை. கல்வியாண்டின் தொடக்கத்தில் இவற்றைப் பெற்றோர் கூட்டத்தில் காட்டும்படி பணிவோடு கேட்கலாம். கேட்பது நிர்வாகத்தை அவமதிப்பது ஆகாது. நம் பள்ளிகளில் கேளாமலேயே காட்டினால் அது பிறர்க்கும் முன்மாதிரியாகும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிக்கும் அரசுப் பள்ளிகளிலோ, பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கே பெரும்பான்மை இடம். கையெழுத்துக்கு மட்டும் போய்வராமல் கழிப்பறையையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்து வருவோம்.

இரண்டாவது, எந்தப் பள்ளியிலும் வெளியார் எவரும், அவர் குருவாயினும் துறவியாயினும் தொண்டு நிறுவனத்தாராயினும், ஆசிரியர் உடனில்லாமல் பிள்ளைகளோடு தனித்திருக்க வேண்டாம். இந்த விதி நம் மறைக்கல்வி வகுப்புக்கும் கோடைக்கால விவிலியப் பள்ளிக்கும் சேர்த்துத்தான். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகியவை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதப்படட்டும். ஒரு பிள்ளை புகார் சொன்னால், சொன்ன அந்தப் பிள்ளையைக் காப்பதே முதல் வேலை என்பதை நாங்குநேரி நமக்குக் கற்றுத்தந்திருக்கிறது.

மூன்றாவதுதான் கடினமானது. நம் பிள்ளைகளின் கையில் கயிறு உண்டா என்று பார்க்குமுன் நம் கைகளைப் பார்ப்போம். நம் நெல்லைச் சீமையில், வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910 இல் இடிக்கப்பட்டது. நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. கல்லறைத் தோட்டத்திலும் தேர் செல்லும் தெருவிலும் திருவிழா விளம்பரத் தட்டியிலும் அந்தச் சுவரின் கற்கள் இன்னும் கிடந்தால், நம் இளைஞர் அவற்றைப் பொறுக்கிக்கொண்டுதான் பள்ளிக்குப் போவார்கள். அரியையும் சிவனையும் ஓருருவில் வைத்து, ஆடித்தபசுக்கு எல்லாரையும் ஒரே தெருவில் கூட்டும் ஊர் இது. இவ்வூரில் வாழும் கிறிஸ்தவர்கள், ஒரே அப்பத்தில் பங்குபெறுவோராகிய நாம், பிரிவினையில் பின்தங்குவதே நமக்குச் சிறப்பு.

நான்காவது, அரசுப் பள்ளிக்கு உதவ நம் பங்கு முன்வரட்டும். ஒரு மின்விசிறியோ ஒரு நூலக அலமாரியோ கொடுக்கும்போது அதை மேலாண்மைக் குழுவின் வழியாக, கணக்கில் ஏற்றிக் கொடுப்போம். அதன்மேல் நம் பெயர் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. மாலையில் பங்கு மன்றத்தில் இரண்டு மணி நேரம் விளக்குப் போட்டு, எந்தத் தெருப் பிள்ளையும் வந்து படிக்கலாம் என்று சொன்னால் அதுவும் பெரிய கொடையே. பாஞ்சாகுளத்தில் ஒரு கதவு சாத்தப்பட்டது. நம்மிடம் ஒரு கதவு திறக்கட்டும்.

பன்னிரண்டு வயதில் இயேசு எருசலேமில் தங்கிவிட்டபோது, யோசேப்பும் மரியாவும் அவர் பயணிகள் கூட்டத்தில் இருப்பார் என்று எண்ணி ஒருநாள் பயணம் நடந்துவிட்டார்கள் (லூக்கா 2). அத்தனை அன்பான பெற்றோர்க்கே அது நேர்ந்தது. நம் பிள்ளைகளைப் பற்றியும் நாம் அப்படித்தான் எண்ணிக்கொள்கிறோம். பள்ளியில் இருப்பான், ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்று பெற்றோர் எண்ணுகிறார்கள். வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று ஆசிரியர் எண்ணுகிறார். நிர்வாகம் பார்க்கும் என்று அரசும், அரசு பார்க்கும் என்று நிர்வாகமும் எண்ணுகின்றன. எல்லாரும் முன்னே நடந்துகொண்டிருக்க, பிள்ளை பின்னே நின்றுவிடுகிறது. ஆனால் அந்தப் பெற்றோர் பிள்ளையைக் காணோம் என்று தெரிந்ததும் நடையை நிறுத்தித் திரும்பினார்கள், மூன்று நாள் தேடினார்கள், கண்டடைந்ததும் அவர் சொன்னதைக் கேட்டார்கள்.

இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும்போது, நம் தெருவில் பள்ளியை விட்டு நின்றுபோன ஒரு பிள்ளையின் வீட்டு வாசலில் சற்று நின்று, நலம் விசாரித்துவிட்டுப் போவோம். தேடுதல் அங்கிருந்து தொடங்கட்டும். பிள்ளைகளை நம்மிடம் ஒப்படைத்த இறைவன், அவர்களைக் கண்டடையும் பொறுமையையும் நமக்குத் தருவாராக.